சூரியன் போட்டது காலைக்கு, நிலா போட்டது இரவுக்கு

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவன் தேர்வுத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டான்: "சார், வழியெல்லாம் சரியாப் போட்டிருக்கேன். விடைதான் தப்பா வந்திருக்கு. மார்க் உண்டா, கிடையாதா?" பாதி மார்க் போட்டு அனுப்பிவிட்டு அந்தக் கேள்வியை மறந்தும் போனேன். உன்னை உள்ளே வைத்த நாளிலிருந்து அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் இரண்டு பேரும் வழியைச் சரியாகத்தான் போட்டோம். போலீஸ் கையில் போய்ச் சேர்ந்த விடைதான் வேறு மாதிரி இருக்கிறது.

நடந்ததை வக்கீலம்மா சொன்னபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து. சலவைக்கூடத்தில் உன் பக்கத்து மேசையில் விரிப்பு மடிக்கும் அக்கா தூக்கம் வரவில்லை என்று உன்னிடம் ஒரு மாத்திரை கேட்டு வாங்கியிருக்கிறார். வேலை முடிந்து போகும்போது வாசலில் பையைச் சோதித்த காவலாளி, நிலாப் படம் போட்ட ஒரு காகிதப் பொட்டலத்தைக் கண்டுபிடித்து போலீசைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அக்கா உன் பெயரைச் சொன்னார். உன் அலமாரியைத் திறந்தால் ஒரு டப்பா நிறையப் பொட்டலங்கள். பாதியில் சூரியன், பாதியில் நிலா. இன்ஸ்பெக்டர் அவற்றை வியாபாரக் குறி என்று எழுதியிருக்கிறார்.

உனக்கு மாத்திரை அட்டை ஆகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வெள்ளி அட்டையில் ஒவ்வொரு குமிழும் உனக்கு ஒரு கண். அழுத்தினால் கண் வெடிக்கிற சத்தம். அதற்காகத்தான் நான் மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வந்து, உன்னை டாக்டரிடம் கூட்டிப்போய், வாங்கிய மாத்திரைகளை உன் கண்ணில் படாமல் பிரித்துக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு வந்தேன். உடம்பு சரியில்லாத நாட்களில் எழுத்தெல்லாம் உன்னைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னதால் எழுதாமல் படம் போட்டேன்.

வக்கீலம்மாவிடம் ஓர் உதாரணம் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சில் கொடுத்தால் அதைப் பென்சில் வியாபாரி என்போமா என்று கேட்டேன். "சார், பென்சில் பட்டியல்ல இல்ல. அந்தத் தூக்க மாத்திரை போதைப்பொருள் பட்டியல்ல இருக்கு. காசு வாங்காம ஒண்ணே ஒண்ணு குடுத்தாலும் சட்டத்துக்கு அது சப்ளைதான்" என்றார்.

அவர் இரண்டு வழி சொல்கிறார். வழக்கை நடத்தலாம். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. அதுவரை நீ உள்ளேயே இருக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, "நான் இந்த மாத்திரைக்கு அடிமை" என்று நீ எழுதிக் கொடுத்தால், தண்டனைக்குப் பதிலாக ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புவார்கள். சில மாதங்களில் வெளியே வந்துவிடலாம். யோசித்துப் பார்த்தேன். ஒரு கையெழுத்துத்தானே. போட்டுவிடு.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் என்னைப் பஸ் ஏறவிட மாட்டேன் என்கிறார். இல்லாவிட்டால் இதை நேரிலேயே சொல்லியிருப்பேன். அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

முதலில், இதைப் பிரித்துப் படிக்கப்போகும் வார்டரம்மாவுக்கு வணக்கம். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறது. காரணம் கீழே வரும்.

வாத்தியாரே, உன் கணக்கில் ஒரு திருத்தம். மடிப்பக்கா என்னிடம் எதையும் கேட்கவில்லை. புருஷன் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. ஒரு விரிப்பை மடிப்பாள், உதறுவாள், அதையே திரும்ப மடிப்பாள். அன்றைக்கு விரிப்பைத் தேய்த்துத் தள்ளும் உருளை மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண்ணை மூடிவிட்டாள். விரிப்போடு கையும் உள்ளே போயிருக்கும். நான்தான் இழுத்தேன். "இன்னைக்கு ஒரு ராத்திரியாவது தூங்கித் தொலைக்கா"ன்னு நானாகத்தான் ஒரு நிலாவை எடுத்துக் கொடுத்தேன். துண்டு திருட்டுப் போகிறதா என்று பையைப் பார்த்த காவலாளிக்கு நிலா கிடைத்தது. அவருக்கும் பாவம், வேலைதானே.

இனி கை நடுங்குகிற கதை. இங்கே மருந்து அறைக்குப் போனேன்.

"எந்த கேஸ்ல வந்தே?"

"மாத்திரை கேஸ்."

"மாத்திரை கேஸ்ல வந்துட்டு மாத்திரை கேக்கறியா? நல்லாத்தான் இருக்கு."

நிலா பட்டியலில் இருப்பதால் தர மாட்டார்களாம். சூரியன் பட்டியலில் இல்லை, ஆனால் கைவசம் இல்லையாம். வந்தால் சொல்வார்களாம். தூக்கம் போய்விட்டது. சூரியனும் இல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் போனால் மற்றவர்களும் பேச வந்துவிடுவார்கள். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

நீ போடச் சொல்கிற கையெழுத்துக்கு வருகிறேன். எனக்கு நோய் இருக்கிறது என்று என் வாயால் சொல்வதற்கு எத்தனை வருஷம் ஆனது? பேய் என்றார்கள், திமிர் என்றார்கள், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். பண்ணியும் வைத்தார்கள். அவர் ஓடியும் போனார். கடைசியில் நீதான் டாக்டரிடம் கூட்டிப்போய், "இதுக்குப் பேரு நோய். சர்க்கரை மாதிரி, ரத்தக்கொதிப்பு மாதிரி. வெக்கப்பட ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாய். அதே நீ, இப்போது அதை அழித்துவிட்டுப் போதைக்காரி என்று எழுது என்கிறாய்.

என் பக்கத்துப் பாயில் ஒரு கண்ணாடிக்காரம்மா இருக்கிறாள். போன வருஷம் அந்த மாதிரி ஒரு மையத்தில் இருந்தவள். "போன உடனே பையைக் கவுத்து எல்லா மாத்திரையையும் கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்திருவாங்கடி. எந்த மாத்திரையும் போதைதானாம். காலையில ஓட்டம், சாயங்காலம் பிரசங்கம்" என்கிறாள். அப்படியானால் எந்தக் கதவைத் திறந்தாலும் மாத்திரை கிடையாது. அங்கே போய்ப் பைத்தியமானால், திருட்டுத்தனமாகத் திரும்பப் போதை மாத்திரை போட்டுவிட்டாள் என்று எழுதுவார்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன். நீ போடச் சொன்னதையும் மறக்க மாட்டேன்.

அண்ணியிடம் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன் காலை.

சின்னவள்


மார்ச் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் திட்டு வந்து சேர்ந்தது. உன் கண்ணாடிக்காரம்மா கதை கட்டுகிறார் என்று நினைத்து, வக்கீலம்மா கொடுத்த எண்ணில் அந்த மையத்தைக் கூப்பிட்டேன். மேலாளர் பேசினார்.

"எங்க வழி ஒரே வழி சார். சுத்தம். உள்ள வந்தா ஒரு மாத்திரை கிடையாது."

"டாக்டர் எழுதிக் குடுத்ததா இருந்தா?"

"டாக்டர்தான் சார் ஆரம்பிச்சு வைக்கிறாரு."

"என் தங்கச்சிக்கு மனநோய். மாத்திரையை நிறுத்தினா குரல் கேட்கும்."

"எங்ககிட்ட வந்தா நல்ல குரல் மட்டும்தான் கேட்கும் சார்."

கண் சரியாகத் தெரியாதவர் வந்தால் மூக்குக்கண்ணாடியையும் வாங்கி வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "சார் கிண்டல் பண்றீங்க" என்று போனை வைத்துவிட்டார். நல்ல மனிதராகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ சொன்னதே சரி. கையெழுத்துப் போடாதே.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். ஜாமீன் மனு அடுத்த மாதம் எட்டாம் தேதி வருகிறது. அரசு வக்கீலின் வாதம் முழுக்க அந்தப் பொட்டலங்கள்மேல்தான் நிற்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் அட்டையோடு வைத்திருப்பார், விற்கிறவர்தான் பிரித்துப் பொட்டலம் கட்டுவார் என்கிறார்கள். கட்டியது நான் என்று நீதிமன்றத்தில் சொல்லப்போகிறேன். ஏன் கட்டினேன் என்றும் சொல்வேன்.

வக்கீலம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "சார், பட்டியல் மருந்தைப் பிரிச்சுப் பொட்டலம் கட்டினது நான்தான்னு நீங்களே சொன்னா, அடுத்த நிமிஷம் உங்களையும் கேஸ்ல சேர்ப்பாங்க. பென்ஷன் வாங்கற மனுஷன், யோசிங்க" என்றார். யோசித்தாயிற்று என்றேன். உன் டாக்டரிடமும் பேசிவிட்டேன். உன் நோயையும் மருந்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்து உனக்கு உள்ளேயே மாத்திரை தரச் சொல்லித் தனியாக ஒரு மனுவும் போட்டிருக்கிறோம்.

இந்தக் கடிதத்தின் மூலையில் உனக்காக ஒரு சூரியன் போட்டிருக்கிறேன். எட்டாம் தேதி வரை தாக்குப்பிடி.

அண்ணன்


மார்ச் 20

சூரியன் ஏன் போட்டாய்.

வார்டர் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அர்த்தம் தெரியும். நீதான் சொல்லியிருப்பாய்.

மேலே விளக்கைச் சுற்றிக் கம்பி வலை. வலைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ நீதிமன்றத்தில் என்ன சொல்லப்போகிறாய் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பொட்டலம் கட்டினது நீ. டப்பாவில் வைத்தது நீ. காவலாளியை அனுப்பினதும் நீயா. கேட்கிறேன். கோபம் இல்லை. கேட்கிறேன்.

வராதே. வந்தால் உன்னையும் வலைக்குள் உட்கார வைப்பார்கள்.

கண்ணாடிக்காரம்மா சாப்பிடு சாப்பிடு என்கிறாள். அவளுடைய கண்ணாடியைக் கழற்றச் சொல். அதிலும் தெரிகிறது.


மார்ச் 24

சின்னவளே,

இது அண்ணன். இந்தக் கடிதத்தில் படம் எதுவும் இல்லை. பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

காவலாளியை நான் அனுப்பவில்லை. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. நீ இதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. உடம்பு சரியானபின் நம்பலாம். நான் காத்திருக்கிறேன்.

உனக்கு மருந்து வரவில்லை. அதனால்தான் இப்படி இருக்கிறது. வெயிலில் வைத்த பூட்டு கையைச் சுடுகிறது என்றால் அது பூட்டின் குணம் இல்லை. நிழலுக்கு வந்தால் ஆறிவிடும்.

வக்கீலம்மா இன்று சிறை அதிகாரியைப் பார்த்து டாக்டரின் கடிதத்தைக் கொடுக்கிறார்.

உனக்குப் படுக்கக் கொடுத்திருக்கும் விரிப்பின் ஓரத்தை விரலால் தடவு. தையல் ஒற்றையா, இரட்டையா? நீ பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் தெரியும். எழுது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

இரட்டைத் தையல். ஒரு பக்கம் பிரிந்திருக்கிறது. துவைத்தவர்கள் அரைகுறையாக அலசியிருக்கிறார்கள், சோப்பு மொடமொடப்பு போகவில்லை. எங்கள் மேஸ்திரி பார்த்தால் மறுபடியும் தொட்டியில் போட்டுவிடுவார்.

நான் இப்போது பரவாயில்லை. போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று பாதிதான் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருக்கிற பாதியே போதும். அதைக் கிழித்துப் போட்டுவிடு.

நீ அந்தக் கடிதம் எழுதினதற்கு மறுநாள் என்று நினைக்கிறேன். காலையில் பேர் கூப்பிடும் வரிசையில் நின்றவள் அப்படியே விழுந்திருக்கிறேன். கையும் காலும் இழுத்ததாம். கண்ணாடிக்காரம்மா என் தலையை மடியில் தாங்கிக்கொண்டு கத்தின கத்தில்தான் வண்டி வந்ததாம். வெளி ஆஸ்பத்திரியில் கண்ணை முழித்தால் என் ஒரு கால் கட்டிலோடு சங்கிலியில் இருந்தது. எங்கே ஓடப்போகிறேன், நடக்கவே தெம்பில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். காவலுக்கு வந்தவளைப் பிடித்துக்கொண்டாள். "வருஷக்கணக்கா சாப்பிட்ட மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும்மா. இது யாருக்குமே தெரியாதா?" காவல்காரி, "நான் டூட்டி மாறி வந்தவ டாக்டர்" என்றாள். அதுவும் நிஜம்தான். யாரைப் பிடித்தாலும் டூட்டி மாறி வந்தவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த உத்தரவால் இப்போது இரண்டு மாத்திரையும் கிடைக்கிறது. மருந்து அறை நர்ஸ் அட்டையைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பிரிக்கிறாள். அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்க நான் வாயாலேயே உருளை மெஷின் ஓட்டுவேன். உர்ர்ர் என்று. முதல் நாள் அவள் மிரண்டு போனாள். இப்போது, "மெஷினை ஸ்டார்ட் பண்ணு"ன்னு அவளே சொல்கிறாள்.

மருந்து கிடைத்துவிட்டது. ஆகையால் நீ எட்டாம் தேதி எதையும் சொல்ல வேண்டாம். நான் இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேன். நீ உள்ளே வந்தால் எனக்கு வெளியே யார் இருக்கிறார்கள்? தவிர, உன்னைப் பெண்கள் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு என்ன பிரயோஜனம்?

வராதே. இது நானாகத்தான் சொல்கிறேன். வலைக்குள் இருந்து யாரும் சொல்லவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ சொல்லி நான் கேட்ட சரித்திரம் உண்டா?

எட்டாம் தேதி உன்னைக் கூட்டி வர வண்டி இல்லை என்றார்கள். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன். பஸ் ஏறக் கூடாதென்று வாடகைக் காரில்தான் போனோம், ஊன்றுகோலோடு நீதிமன்றப் படி ஏறுவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. அண்ணி பின்னாலேயே வந்தாள், நான் விழுந்தால் பிடிக்கிறதற்காக. நான் விழுந்தால் அவளும் சேர்ந்துதான் விழுந்திருப்பாள்.

அரசு வக்கீல் உன் டப்பாவை மேசையில் வைத்து, ஒரு பொட்டலத்தை விரலில் தூக்கிப் பிடித்தார். "இந்த மடிப்பைப் பாருங்க. ஓரம் ஒரே சீரா இருக்கு, பசை இல்லாம நிக்குது. இது சாதாரணமா வீட்டுல கட்டினது இல்ல. பழகின கை."

நான் எழுந்து, "பழகின கைதாங்க. என்னுது" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிபதியம்மா என்னை அருகில் வரச் சொன்னார்.

"நீங்க யாரு?"

"குற்றம் சாட்டப்பட்டவங்களோட அண்ணன். ரிட்டயர்டு அறிவியல் வாத்தியார்."

"அறிவியல் வாத்தியாருக்குப் பொட்டலம் எப்படிப் பழக்கம்?"

ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சோதனைக்கு உப்பைப் பொட்டலமாக மடித்துக் கொடுப்போம், பொடி சிந்தாமல் நிற்கிற மடிப்பு அது, வேலைக்காலம் முழுக்க அதைத்தான் மடித்தேன் என்றேன். அவர் மேசையிலிருந்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, "மடிங்க பார்க்கலாம்" என்றார். மடித்தேன். மடிப்பு கெடவில்லை. அவர் அதையும் டப்பாவிலிருந்து எடுத்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சூரியன், நிலா?"

"சூரியன் போட்டது காலைக்கு, நிலா போட்டது இரவுக்கு."

"அட்டையோடவே குடுத்திருக்கலாமே? இவ்வளவு வம்பு வந்திருக்காதே?"

கண்களைப் பற்றிச் சொன்னேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. உன் டாக்டரின் கடிதத்தையும், ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் எடுத்து நிதானமாகப் படித்தார்.

முடிவு இது. உனக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதமும் நீயும் ஒரே நாளில் உன் அறைக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஆனால் மடிப்பக்காவுக்கு ஒன்று கொடுத்தாயே, அந்தக் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. "கொடுத்தது கொடுத்ததுதான். அதை எடுத்துப்போட எனக்குச் சட்டத்துல இடமில்லை" என்றார். அந்த மாணவனுக்கு நான் போட்டதுபோல் அவரும் பாதி மார்க் போட்டிருக்கிறார். முழுசும் போட அவர் கையில் இல்லை.

என்னை இரண்டாவது குற்றவாளியாகச் சேர்த்துவிட்டார்கள். வக்கீலம்மா, "குற்றவாளி இல்ல சார், குற்றம் சாட்டப்பட்டவர்" என்று திருத்தினார். எனக்கும் ஜாமீன் உண்டு. நிபந்தனைகளைக் கவனமாகப் படி. வழக்கு முடியும்வரை நீ உன் நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நான் என் ஊரை விட்டு வரக் கூடாது. இனிமேல் உன் மாத்திரைகள் எப்போதும் அட்டையிலேயே, டாக்டர் சீட்டோடு இருக்க வேண்டும். பிரித்த மாத்திரை ஒன்று உன்னிடம் இருந்தாலும் ஜாமீன் போய்விடும்.

கடைசி நிபந்தனையைக் கேட்டதும் எழுந்து ஏதோ சொல்லப்போனேன். அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

என்ன செய்யப்போகிறாய்? உடனே எழுது.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

அறைக்கு வந்துவிட்டேன். என் போன் இன்னும் போலீஸிடம் சாட்சிப்பொருளாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். உன் மேல் இருக்கிற கோபத்தை நேரில் பார்க்கும்போது காட்டுகிறேன். அதுவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

சலவைக்கூடத்துக்குப் போனேன். மேஸ்திரி வெளியே வந்து நின்றபடியே பேசினார். "கேஸ் முடியட்டும்மா. உன் மெஷின் எங்க போகுது?" உள்ளே என் மெஷினில் வேறொருத்தி நின்றிருந்தாள். விரிப்பைக் கோணலாக விட்டுக்கொண்டிருந்தாள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக்கடைக்காரரிடம் அட்டையைப் பிரித்து உள்ளங்கையில் வைக்கச் சொன்னேன். "நீங்க கேஸ்ல இருக்கீங்க. நான் பிரிச்சுக் குடுத்தா என் கடைக்குப் பூட்டுப் போடுவாங்க" என்றார். வீட்டுக்காரம்மா கதவைத் திறக்காமலேயே, "அந்த மாத்திரையெல்லாம் என்கிட்ட காட்டாதம்மா" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே மடிப்பக்கா வந்தாள். வாசலில் நின்று அழுதாள். "என்னால உனக்கு இப்படி ஆயிடுச்சே. அன்னைக்கு அதை அங்கேயே முழுங்கித் தொலைச்சிருக்கலாம் நான்."

"முழுங்கியிருந்தா மெஷின்மேலேயே படுத்துத் தூங்கியிருப்பேக்கா. உள்ள வா" என்றேன்.

அவள்தான் சில நாள் காலையும் மாலையும் வந்து, முந்தானைக்குள் அட்டையை வைத்துப் பிரித்து ஒன்றொன்றாகக் கையில் கொடுத்தாள். அவள் பிரிப்பாள், நான் மெஷின் ஓட்டுவேன், கேட்பவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. வக்கீலம்மாவிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் பதறிப்போனார். மடிப்பக்கா அரசுத் தரப்புச் சாட்சியாம். நானும் அவளும் பேசவே கூடாதாம், இதில் பட்டியல் மாத்திரையை அவள் கையால் வாங்குகிறேன் என்று தெரிந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்தாம். அவளை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

எனக்கு உதவ முடிந்தவர்கள் எல்லாரையும் வழக்கில் சேர்த்துவிட்டார்கள் அண்ணா.

நேற்றிலிருந்து மாத்திரை இல்லை. அட்டை இரண்டும் அலமாரியில் ஒரு பானைக்குள், மடிப்பக்கா போட்டுவிட்டுப் போனபடியே இருக்கின்றன. பானைமேல் ஒரு தலையணை வைத்திருக்கிறேன். சிரிக்காதே. எனக்கு நோய் என்று தெரிகிறது, அட்டையில் கண் இல்லை என்றும் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? கை அலமாரிக்கிட்டே போனதும் நின்றுவிடுகிறது. எனக்குத் திரும்ப அந்த வரிசையில் விழப் பயமாக இருக்கிறது. இதை உன் ஊர் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், இன்றே வந்து சேரும்.

சின்னவள்


ஏப்ரல் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலமே வந்தது. அதே ஓட்டுநரிடம் இன்று முதல் பஸ்ஸில் இந்தப் பொட்டலத்தை அனுப்புகிறேன். பயப்படாதே, உள்ளே துணிதான். பொட்டலம் என்று எழுதவே இப்போதெல்லாம் கை கூசுகிறது.

உள்ளே இரண்டு உறை இருக்கும். அண்ணி தைத்தது. நான் வரைந்து காட்டினேன், "உங்க படத்தைப் பார்த்துத் தைச்சா அது மாட்டுக்குத்தான் சரியா வரும்" என்று சொல்லிவிட்டு அவளாகவே வெட்டினாள். மாத்திரை அட்டை முழுவதும் உள்ளே மறையும் அளவு. மேல்பக்கம் பொத்தான். கீழே ஒரு சின்னப் பை. உறையோடு சேர்த்து அழுத்தினால் அட்டையிலிருந்து வெளியே வரும் மாத்திரை அந்தப் பைக்குள் விழும், விழுந்த உடனே விழுங்கிவிடு. துணியை இரட்டையாக வைத்திருக்கிறாள், சத்தம் அடங்கும். என் முழங்கால் மாத்திரையை வைத்து நான் பழகிப் பார்த்துவிட்டேன். முதலில் ஒன்று நொறுங்கியது. பிறகு சரியாக வந்தது.

அட்டையை நீ தொட வேண்டாம். பானையோடு துணியால் மூடி மருந்துக்கடைக்கு எடுத்துப் போ. கடைக்காரர் எதையும் பிரிக்க வேண்டாம், அட்டையை அப்படியே உறைக்குள் செருகிப் பொத்தானைப் போட்டுக் கொடுத்தால் போதும். நேற்று ராத்திரியே வக்கீலம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "அட்டை அட்டையாவேதான் இருக்கு. அதுக்குச் சட்டை போடக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல சார்" என்றார். உறையில் படம் எதுவும் போட வேண்டாம் என்றும் சொன்னார். போடவில்லை. சொரசொரப்பான உறை காலைக்கு, வழுவழுப்பானது இரவுக்கு. துணியைத் தொட்டுப் பிரிக்க உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இது வழக்கை முடிக்காது. மடிப்பக்காவை உன்னோடு பேச விடாது, உன் மெஷினைத் திருப்பித் தராது. நீதிமன்றம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு நடக்கிறேன். அங்கே எழுதுகிற ஏட்டு என்னிடம் படித்தவன். என்னைப் பார்த்ததும் இன்னும் எழுந்து நிற்கிறான், பிறகு ஞாபகம் வந்து உட்காருகிறான்.

ஆனால் வலிப்பு வராமல், குரல் வராமல், நீ நீயாகவே வழக்கு நடக்கும் நாளில் அங்கே வந்து நிற்க வேண்டும். சூரியனும் நிலாவும் உனக்குள் போனால்தான் அது நடக்கும். மற்றதை வக்கீலம்மாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

கடையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்து. சொரசொரப்பான உறையை மடியில் வை. அதைப் பார்க்க வேண்டாம், ஜன்னலைப் பார். மெஷினை ஓட்டு. கட்டைவிரலால் துணியைத் தடவி, மேடாக இருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, மெல்ல அழுத்திப் பார்.

அண்ணன்